கடிபட்ட இலை மேலிலைக்குச் சொல்வது என்ன?

சென்ற இதழில் கத்தரிக்குப் பூச்சிவிரட்டி பற்றிக் கேட்ட ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "ஓர் இலையைப் புழு கடித்தால் செடி மற்ற இலைகளுக்கு மின் செய்தி அனுப்பிவிடும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. முப்பது வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு இதைவிடச் சந்தோஷம் என்ன இருக்கிறது? இந்த முறை முழுக்க அந்தக் கேள்விகள்தான்.

கேள்வி: மொட்டைமாடியில் 12 தொட்டிகளில் தக்காளி வைத்திருக்கிறேன். அடியிலையைப் புழு தின்றால் மேலிலைக்குத் தெரியும் என்கிறீர்கள். செடிக்கு நரம்பே கிடையாதே, எப்படித் தெரியும்? யாராவது இதை அளந்து பார்த்திருக்கிறார்களா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

அளந்திருக்கிறார்கள். நானும் ஒரு தடவை அளந்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாளைக் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் உங்கள் செடியின் அடியிலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். புரோடினியா புழு என்று நாம் சொல்வது, முட்டையிலிருந்து வந்த புதிதில் கூட்டமாகத்தான் இருக்கும். இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டிச் சுரண்டித் தின்று, மேல்தோலை மட்டும் மெல்லிய கண்ணாடித் தாள்போல விட்டுவைக்கும். சுரண்டும் ஒவ்வொரு வாய்க்கும் சில செல்கள் உடைந்து, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டுகிறது. செய்தி கிளம்புவது அந்த இடத்திலிருந்து.

1972இல் அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரீன், கிளாரன்ஸ் ரயன் என்ற இருவர் தக்காளிச் செடியிலும் உருளைக்கிழங்குச் செடியிலும் ஒன்றைக் கண்டார்கள். ஓர் இலையை வண்டு தின்றால், தின்னப்படாத மற்ற இலைகளிலும் ஒரு புரதம் சேர்கிறது. அந்தப் புரதம் பூச்சியின் குடலுக்குள் போய், சாப்பிட்டதைச் செரிக்க வைக்கும் நொதிகளைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. புழு வயிறு முட்டத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது, வளர்ச்சி குறுகிப்போகும். சரி, காயமே படாத இலைக்கு இந்தப் புரதத்தைச் செய்யச் சொன்னது யார்?

இருபது வருஷம் இந்தக் கேள்வியைத் துரத்தினார்கள். ரயனின் ஆய்வுக்கூடத்திலேயே எட்வர்ட் ஃபார்மர் என்ற இளைஞர், ஜாஸ்மோனிக் அமில வகையைச் சேர்ந்த ஒரு வாசனைப் பொருள் தக்காளியை இப்படி உஷார்படுத்தும் என்று 1990இல் காட்டினார். பெயரைப் பாருங்கள்: ஜாஸ்மின். அந்தப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தது 1962இல், நாம் தலையில் வைக்கும் சாதிமல்லியின் எண்ணெயிலிருந்து. பூவில் மணமாக இருப்பதே இலையில் எச்சரிக்கையாக இருக்கிறது. மறு வருஷம், காயத்தில் உண்டாகும் 18 அமினோ அமிலம் கோத்த ஒரு சின்னப் புரதத் துண்டையும் ரயன் குழு கண்டுபிடித்தது. இவையெல்லாம் ரசாயனங்கள். ஆகவே செய்தி சாற்றோடு மிதந்துதான் போகிறது என்று பலரும் நினைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் என் மனசுக்கு மிகவும் பிடித்த சோதனை வருகிறது. 1992, இங்கிலாந்து. வில்டன், டயானா பவுல்ஸ் முதலானோர் தக்காளி நாற்றை எடுத்துக்கொண்டார்கள். நாற்று என்றால் இரண்டு வித்திலையும், மேலே முதல் இலையும் இருக்கும் பருவம். வித்திலையைக் காயப்படுத்தி, முதல் இலையைக் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே வித்திலையின் காம்பைக் கடுமையாகக் குளிர்வித்தார்கள். குளிர்ந்தால், இலை செய்த உணவைச் சுமந்து செல்லும் புளோயம் குழாயில் சாறு நகராது. சாற்றில் மிதந்து போகிற எதுவும் காம்பிலேயே நின்றுவிட வேண்டும். ஆனால் மின் மாற்றம் குளிர்ந்த காம்பைத் தாண்டிப் போனது. முதல் இலையும் தற்காப்புப் புரதத்தைச் செய்யத் தொடங்கியது. சாறு நின்றது, மின்சாரம் நிற்கவில்லை, தற்காப்பும் நிற்கவில்லை. வெறும் குளிர்ச்சியை வைத்து இரண்டு வழிகளையும் பிரித்துக் காட்டிவிட்டார்கள்! வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் ஏறிவிடும்.

2013இல் அதே ஃபார்மர், இப்போது சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்தில், அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறுசெடியில் இதை ஆழமாகப் பார்த்தார். இலை மேல் மின்முனைகளை வைத்து அதில் புழுவை விட்டார்கள். புழு சும்மா ஊர்ந்துபோனபோது எந்த மாற்றமும் இல்லை. வாய் வைத்துத் தின்னத் தொடங்கியதும் மின்னழுத்தம் மாறியது. அது மற்ற இலைகளுக்கு ஓடிய வேகம், அதிகபட்சம் நிமிடத்துக்கு 9 சென்டிமீட்டர். அதோடு விடவில்லை. புழுவே இல்லாமல், காயமே இல்லாமல், இலைக்குள் கொஞ்சம் மின்னோட்டத்தைச் செலுத்தினார்கள். இலை ஜாஸ்மோனிக் அமில வகைப் பொருளைச் செய்தது. மின்சாரம் வெறுமனே கூடவே வருகிற அறிகுறியாக இருந்தால் இப்படி நடக்காது, அதுவே கட்டளையைக் கொண்டுபோகிறது.

அப்புறம் 34 வகை மரபணு மாற்றச் செடிகளைச் சோதித்து, செல் சவ்வில் மின்னேற்றத்தை உள்ளே வெளியே விடும் எந்தக் கதவு பழுதானால் செய்தி மங்குகிறது என்று தேடினார்கள். கிடைத்தது குளுட்டமேட் ஏற்பி போன்ற புரதங்கள். நம் மூளையில் நரம்புக்கு நரம்பு செய்தி மாற்றிக்கொடுக்கும் ஏற்பிகளுக்குத் தூரத்துச் சொந்தம். குளுட்டமேட் என்றால் பயந்துவிடாதீர்கள், அஜினமோட்டோவில் இருக்கும் அதே சரக்குதான். 2018இல் டொயோட்டா, கில்ராய் ஆகியோரின் குழு, கால்சியம் பட்டால் ஒளிரும் செடிகளை உருவாக்கியது. ஒளி தருவது ஜெல்லிமீனின் புரதம். கம்பளிப்புழு ஓர் இலையைக் கடித்துத் துண்டாக்கியதும், அந்த இடத்திலிருந்து வெளிச்சம் கிளம்பி, காம்பு வழியாக இறங்கி, ஓரிரு நிமிடத்தில் தூரத்து இலைகளில் ஏறிப் பரவுவது கண்ணுக்கே தெரிந்தது. புழு இல்லாமல் குளுட்டமேட்டை மட்டும் காயத்தில் விட்டாலும் அதே அலை எழுந்தது.

இனி என் கதை. 1994 வாக்கில், ஒரு தோழி 1992 கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்துத் தபாலில் அனுப்பியிருந்தாள். நானும் முதுகலை மாணவிகள் இருவரும் இதைப் பார்த்தே தீர்வது என்று இறங்கினோம். இயற்பியல் துறையில் மின்னழுத்தமானியையும், அதன் அளவைப் பேனாவால் தாளில் வரையும் கருவியையும் இரவல் வாங்கினோம். வெள்ளிக் கம்பியைப் பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்துக் கறுப்பாக்கி மின்முனை செய்தோம். முதல் நாள் வரைதாளில் பேனா நடுங்கிக்கொண்டே இருந்தது. செடியின் செய்தி என்று நினைத்து ஒரு மாணவி துள்ளிக் குதித்தாள். மின்விசிறியை நிறுத்தினோம், நடுக்கம் பாதியானது. கோழிக்கூடு செய்கிற கம்பி வலையை வாங்கிவந்து செடியைச் சுற்றிக் கூண்டு கட்டி, கூண்டைத் தரையிணைப்புக் கம்பியோடு சேர்த்தோம். பேனா அமைதியானது.

அப்புறம் கீழ் இலையின் நுனியில் தீக்குச்சி. பத்து நொடி, இருபது நொடி, ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பேனா மெதுவாக, மிக மெதுவாக ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. சாய்ந்து, நின்று, பல நிமிடம் எடுத்துத் திரும்பி வந்தது. செடியில் ஓர் இலைகூட அசையவில்லை. பார்க்கிறவர்களுக்கு அது சும்மா நிற்கிற ஒரு தக்காளிச் செடி. அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது.

உங்கள் 12 தொட்டிக்கு ஒரு வார்த்தை. செய்தி போவது நிமிடக் கணக்கு, ஆனால் புரதம் போதுமான அளவு சேர மணிக்கணக்கு ஆகும். கூட்டமாகப் புழு இறங்கினால் செடி தனியாகச் சமாளிக்காது. பழுப்பு மயிர் மூடிய முட்டைக் குவியலோ, சல்லடையான இலையோ கண்டால் அந்த இலையைக் கிள்ளி எடுத்து அழித்துவிடுங்கள். செடியின் பாதுகாப்பு உண்மை என்பதற்காக நீங்கள் இலை திருப்பிப் பார்ப்பதை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: செடிக்குள் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? அப்படியானால் தொட்டால் ஏன் ஷாக் அடிப்பதில்லை?
– பதினொன்றாம் வகுப்பு மாணவன், விருத்தாசலம்

தம்பி, நல்ல கேள்வி. உன் பாடப் புத்தகத்தில் செல் சவ்வு என்று ஒரு பாடம் இருக்கும், அதைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படி.

செடியின் செல் சவ்வில் புரோட்டான்களை வெளியே இறைக்கும் பம்புகள் இருக்கின்றன. கிணற்றிலிருந்து மோட்டார் தண்ணீர் இறைப்பதுபோல ஓயாமல் இறைக்கும். அதற்கு டீசல், செல் தன் வேலைக்கெல்லாம் செலவழிக்கும் ஆற்றல் பொருளான ஏடிபி. நேர்மின்னேற்றம் வெளியே போய்க்கொண்டே இருப்பதால் செல்லின் உட்புறம் எதிர்மின்னாக நிற்கும், சுமார் 150 மில்லிவோல்ட் அளவுக்கு. சுவர்க் கடிகாரத்தில் போடுகிற பேட்டரி 1.5 வோல்ட், அதில் பத்தில் ஒரு பங்கு. சின்னதாகத் தோன்றுகிறதா? அந்தச் சவ்வின் தடிமன் ஏறக்குறைய 7 அல்லது 8 நானோமீட்டர்தான். அவ்வளவு மெல்லிய இடத்தில் 150 மில்லிவோல்ட் என்றால், கணக்குப் போட்டுப் பார், சென்டிமீட்டருக்குச் சுமார் 2 லட்சம் வோல்ட் வரும். சவ்வு அந்த இறுக்கத்தில்தான் எப்போதும் இருக்கிறது. நிரம்பிய அணைமாதிரி.

காயம் பட்டதும் கால்சியத்துக்கான கதவு திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. அது குளோரைடு கதவைத் திறக்கிறது. குளோரைடு எதிர்மின்னேற்றம் உடையது. அது வெளியே ஓட, உட்புறத்தின் எதிர்மின் குறைகிறது. பிறகு பொட்டாசியம் வெளியேறி, பம்பும் மறுபடி ஓடி, பழைய நிலை திரும்புகிறது. நம் நரம்பில் இந்த வேலையைச் சோடியம் உள்ளே பாய்ந்து செய்கிறது. செடி அதற்குக் குளோரைடை வெளியே விடுகிறது. கடைசியில் நடப்பது ஒன்றுதான்.

வேகம் வேறு. நம் வேகமான நரம்பில் செய்தி நொடிக்கு 100 மீட்டர்வரை ஓடும். அரபிடாப்சிஸ் இலையிலிருந்து இலைக்கு நிமிடத்துக்கு 9 சென்டிமீட்டர். ஓட வேண்டிய தேவை செடிக்கு இல்லை, புழுவும் மெதுவாகத்தான் தின்கிறது. ஷாக் அடிக்காததற்குக் காரணம், மொத்தமாக நகரும் மின்னேற்றம் மிக மிகக் கொஞ்சம், அதுவும் சவ்வின் இரு பக்கத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள். செடியின் மின் செய்தியை முதலில் பதிவு செய்தவர் இங்கிலாந்தின் பர்டன் சாண்டர்சன், 1873இல், டார்வின் தூண்டுதலால். செடி, வீனஸ் பூச்சிப்பொறி. ஈ ஒரு மயிரை ஒரு தடவை தொட்டால் பொறி மூடாது. ஏறக்குறைய அரை நிமிடத்துக்குள் இன்னொரு தடவை தொட்டால் மூடும். மாட்டிய ஈ துடிக்கத் துடிக்க மேலும் மின் துடிப்புகள் சேர்ந்து, ஜாஸ்மோனிக் அமில வழி திறந்து, செரிமான நொதிகள் ஊறும். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2016இல் இதை எண்ணிக் காட்டினார்கள். தக்காளி புழுவுக்கு எதிராக வைத்திருக்கும் அதே ஏற்பாட்டை இந்தச் செடி சாப்பாட்டுக்குத் திருப்பிக்கொண்டது.

கேள்வி: ஓர் இலை கடிபட்டால் பக்கத்து இலைக்குத்தானே முதலில் செய்தி போகும்?
– ஒரு வாசகர், காரைக்குடி

அப்படித்தான் தோன்றும், ஆனால் இல்லை. அரபிடாப்சிஸ் இலைகளுக்குப் பிறந்த வரிசையில் எண் கொடுத்திருக்கிறார்கள். 8ஆம் இலையைக் காயப்படுத்தினால் 13ஆம் இலைக்குச் செய்தி பலமாகப் போகிறது, அடுத்துப் பிறந்த 9ஆம் இலைக்குப் போவதில்லை. காரணம் குழாய் இணைப்பு. இலைகள் தண்டைச் சுற்றிச் சுழலாக வருவதால், தண்டுக்குள் நேர்க் குழாய்த் தொடர்பு உள்ள இலைகள் 3, 5, 8 என்று எண் தள்ளித்தான் இருக்கும். நம் தெருவில் பக்கத்து வீட்டுக்கு வேறு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து லைன் வருகிறதில்லையா, அதுபோல.

கேள்வி: அம்மா, ஒட்டன்சத்திரம் பக்கம் இரண்டு ஏக்கர் தக்காளி. புழு மட்டும் இல்லை, பாக்டீரியா இலைப்புள்ளியும் படுத்துகிறது. நோய்க்கும் இந்த மின் செய்தி உண்டா? ஆஸ்பிரின் மாத்திரையைக் கரைத்துத் தெளித்தால் எதிர்ப்புச் சக்தி வரும் என்று கைப்பேசியில் வந்ததே, தெளிக்கலாமா?
– ஒரு விவசாயி

ஐயா, இரண்டு கேள்வியும் ஒன்றோடொன்று பின்னியவை. பொறுமையாகச் சொல்கிறேன்.

நோய்க்கும் உண்டு. பாக்டீரியா நீந்துவதற்கு வால்போல ஒரு கசை வைத்திருக்கிறது. அந்தக் கசையின் புரதத்தில் 22 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டு, எத்தனையோ பாக்டீரியாக்களுக்குப் பொது. செடியின் செல்லில் அந்தத் துண்டை அடையாளம் காணும் ஏற்பி இருக்கிறது. துண்டு வந்து ஒட்டிய சில நிமிடங்களுக்குள் கால்சியம் உள்ளே வர, செல்லின் மின்னழுத்தம் சரிகிறது. இங்கே புழுக்கடிபோலச் செல் உடையவில்லை, வெறும் அடையாளத்திலேயே சவ்வு அதிர்கிறது. தொடர்ந்து இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. மழைத்துளி, பனித்துளியோடு வரும் பாக்டீரியா உள்ளே நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். இலைத்துளை திறப்பதும் மூடுவதும் பொட்டாசியம், குளோரைடு போக்குவரத்து. ஆகவே இதுவும் மின் வேலையே. பாக்டீரியாவைக் கண்டு இலைத்துளை மூடிக்கொள்வதை 2006இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் காட்டினார்கள்.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. தக்காளியில் புள்ளி நோய் உண்டாக்கும் சூடோமோனாஸ் சிரிஞ்சே இனம் கொரோனட்டின் என்று ஒரு நச்சைச் செய்கிறது. அதன் வடிவம், செடி புழுவுக்கு எதிராகச் செய்யும் ஜாஸ்மோனிக் பொருளின் அச்சு அசல் சாயல். அதைப் பார்த்த செடி "புழு வந்துவிட்டது" என்று அந்தப் பக்கம் திரும்புகிறது, மூடிய வாசல் சில மணி நேரத்தில் திறந்துகொள்கிறது. கள்ளச் சாவி என்றால் இதுதான்.

இது எப்படிப் பலிக்கிறது? செடியிடம் இரண்டு முக்கியமான எதிர்ப்பு வழிகள் உண்டு. மெல்லும் புழுவுக்கு ஜாஸ்மோனிக் அமிலம். உயிருள்ள செல்லில் ஒட்டி வாழும் பாக்டீரியா, வைரஸ் போன்றவற்றுக்குச் சாலிசிலிக் அமிலம். பல சமயம் ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இப்போது ஆஸ்பிரினுக்கு வருவோம். ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலத்தின் உறவு. 1979இல் இங்கிலாந்தில் வைட் என்பவர் புகையிலை இலையில் ஆஸ்பிரினைச் செலுத்தியபோது, தேமல் வைரஸுக்கு எதிர்ப்பு வந்தது உண்மை. உங்கள் கைப்பேசிச் செய்தியின் வேர் இந்த மாதிரிச் சோதனைகளில் இருக்கிறது. ஆனால் 1988இல், மேலே சொன்ன அதே டயானா பவுல்ஸ் குழு தக்காளியில் வேறொன்றைக் கண்டது. ஆஸ்பிரின் கொடுத்த செடியைக் காயப்படுத்தினால் புழுவைத் தடுக்கும் புரதம் உண்டாவது தடைபடுகிறது. புள்ளி நோய்க்கு என்று நீங்கள் தெளிப்பது காய்ப்புழுவுக்கும் புரோடினியாவுக்கும் விருந்து வைத்ததாக முடியலாம்.

அதனால் தெளிக்க வேண்டாம் என்பதே என் பதில். இரண்டு ஏக்கர் உங்கள் வருஷத்துச் சாப்பாடு, ஆய்வுக்கூடத்தில் கண்ட ஒரு விளைவை நம்பி அதில் சோதனை செய்யக்கூடாது. புள்ளி நோய்க்கு நோயில்லாத விதை, இலை நனையாத சொட்டுநீர், பயிர்ச் சுழற்சி, நோய் கண்ட செடிக் கழிவை வயலில் விடாமல் எடுப்பது. ஈர இலையோடு வயலுக்குள் நடக்காதீர்கள், கையிலும் துணியிலும் நோய் பரவும். புரோடினியாவுக்கு வரப்பில் ஆமணக்கு போட்டால் தாய்ப்பூச்சி அதில் முட்டை வைக்கும், அந்த இலைகளைப் பறித்து அழிப்பது சுலபம்.

இதைச் சொல்லும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. 2017இல் விஸ்கான்சினில் தக்காளிச் செடிகளுக்கு ஜாஸ்மோனிக் பொருளைத் தெளித்து எதிர்ப்பை ஏற்றிவிட்டு, புழுக்களை விட்டார்கள். இலை ஒவ்வாமல் போன புழுக்கள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கின. செடி தன் இலையை அவ்வளவு மோசமான சாப்பாடாக மாற்றிக்கொள்கிறது.

கேள்வி: இலையில் இரண்டு கிளிப் மாட்டினால் செடி பாடும் என்று ஒரு கருவி விற்கிறார்கள். அது இந்த மின் செய்திதானா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

இல்லை. அந்த வகைக் கருவிகள் இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே மின் கடத்தல் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, அந்த மாற்றத்தைச் சுரங்களாக மாற்றுகின்றன. இலையின் ஈரம், கிளிப்பின் இறுக்கம், பக்கத்தில் கை வருவது, எல்லாமே அதை மாற்றும். சுரத்தைத் தேர்ந்தெடுப்பது கருவி. எங்கள் வரைதாளில் மின்விசிறி "பேசியதை" மேலே சொன்னேனே.

கேள்வி: இரவில் இலை பறிக்காதே, செடிக்கு வலிக்கும் என்பார் என் பாட்டி. மின் செய்தி ஓடுகிறது என்றால் வலிக்கிறது என்றுதானே அர்த்தம்? கீரை ஆயும்போது எனக்கு மனசு கேட்கவில்லை.
– ஒரு தாய், சிவகாசி

உங்கள் மனசை நான் மதிக்கிறேன். ஆனால் வலி என்பது செய்தி ஓடுவது மட்டும் இல்லை. நம் கையில் சூடு பட்டால் செய்தி மூளைக்குப் போய், அங்கே உணரப்படும்போதுதான் வலி. மயக்கத்தில் அறுவை சிகிச்சை நடக்கும்போது காயம் இருக்கிறது, நரம்பில் செய்திகூட ஓடுகிறது, வலி இல்லை. செடியில் நரம்பு செல் கிடையாது, செய்திகளைச் சேர்த்து உணரும் மூளை கிடையாது. காயம் தெரிகிறது, அதற்கு ஏற்றபடி செயல்படுகிறது. அதைத் தாண்டி வலி என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை.

ஈதர் கொடுத்தால் தொட்டாற்சுருங்கி சுருங்காது என்று 1878இலேயே பிரான்சின் கிளாட் பெர்னார்ட் காட்டினார், மயக்க மருந்து வேலை செய்தால் உணர்வு இருக்கத்தானே வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். மயக்க மருந்து சவ்வையும் அதன் கதவுகளையும் தொடுகிறது. சவ்வு எல்லா உயிருக்கும் உண்டு. நிம்மதியாகக் கீரை ஆயுங்கள். பாட்டி சொன்னதற்கு வேறு நல்ல காரணம் இருக்கலாம்: இருட்டில் இலைக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

கேள்வி: தொட்டாற்சுருங்கி சுருங்குவதும் தற்காப்பா? வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க ஏதாவது சொல்லுங்கள் டீச்சர்.
– ஒரு பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

தற்காப்புதான் என்று 2022இல் ஜப்பானில் நேரடியாகக் காட்டிவிட்டார்கள். இலையை அசைக்கும் காம்படி முண்டே இல்லாத தொட்டாற்சுருங்கியை மரபணு மாற்றத்தால் உருவாக்கினார்கள். அதை வெட்டுக்கிளி அதிகமாகத் தின்றது. சுருங்கும் செடியில் கால்சியம் அலையும் மின் அலையும் ஜோடியாக ஓடி, முண்டை அடைந்ததும் இலை மடிகிறது.

இந்தச் செடிக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வழக்கு உண்டு. ஜகதீச சந்திர போஸ் தொட்டாற்சுருங்கியிலும் தொழுகண்ணியிலும் நுட்பமான கருவிகளை வைத்து, செய்தி மின்சாரமாகப் போகிறது என்று சொன்னார். 1901இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் மேடையில் செய்து காட்டினார், 1917இல் கல்கத்தாவில் தன் ஆய்வு நிலையத்தைத் திறந்தார். 1916இல் இத்தாலியின் ரிக்கா வேறு சொன்னார். அவர் தொட்டாற்சுருங்கியின் நெருங்கிய உறவான வேறொரு செடியின் தண்டை வெட்டி, இரண்டு துண்டையும் தண்ணீர் நிரப்பிய குழாயால் இணைத்தார். தூண்டுதல் தண்ணீரையும் தாண்டிப் போனது. அப்படியானால் ஏதோ ரசாயனம்தானே? போஸ் காலமானபோதும் இது தீரவில்லை.

இன்று பார்த்தால் இருவர் கையிலும் உண்மை இருந்தது. 2023இல் லொசான் குழு, அரபிடாப்சிஸில் காயம் பட்ட செல்லிலிருந்து, தண்ணீர் ஏறும் சைலம் குழாயில் கசிந்து ஓடி, வழியெல்லாம் மின் அலையை எழுப்பும் நொதிகளை அடையாளம் கண்டது. ரசாயனம் ஓடுகிறது, ஓடும் இடமெல்லாம் மின்சாரத்தை எழுப்புகிறது. போஸின் கருவிகள் கண்டதை வெளிநாட்டில் பலர் நம்ப மறுத்த காலத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

பிள்ளைகளுக்கான சோதனை இது. காலை 9 மணிக்குமேல், இலை நன்றாக விரிந்திருக்கும்போது, காற்று அடிக்காத இடத்தில் தொட்டியை வையுங்கள். முதலில் ஓர் இலையின் நுனிச் சிற்றிலைகளை விரல் நகத்தால் மெல்லத் தொடச் சொல்லுங்கள். ஜோடி ஜோடியாக மடிந்துகொண்டு போய், கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். இலை மறுபடி விரியும்வரை காத்திருங்கள், கால் மணி நேரம்போல ஆகும். அடுத்து ஊதுபத்தியைப் பற்றவைத்து, நெருப்பு முனையை அதே நுனிச் சிற்றிலையில் ஒரு கணம் வைத்து எடுங்கள். இதை நீங்களே செய்யுங்கள், பிள்ளைகள் கையில் நெருப்பு வேண்டாம். கடிகாரத்தைப் பார்க்க ஒரு பிள்ளையை வையுங்கள். மடிப்பு நுனியிலிருந்து அடிவரை இறங்கும். பக்கத்துக் கிளைச் சிற்றிலைகள் இப்போது அடியிலிருந்து நுனிக்கு, எதிர்த் திசையில் மடியும். காம்பு தொப்பென்று தொங்கும். அத்தோடு போயிற்று என்று பிள்ளைகள் எழப் பார்ப்பார்கள், உட்கார வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் தொடாத மேல் இலையின் காம்பும் தானாக இறங்கும். ஒரு செடியில் ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும்.